குறைகிற 900 மணி நேரம் திருப்பூரில் இருக்கிறது

பிளஸ் டூ முடிவு வந்த கையோடு கொங்கு வட்டாரக் கல்லூரிகளில் இன்று பி.எஸ்சி. உளவியலுக்கும் விண்ணப்பம் வாங்க வருகிறார்கள். என்ன வேலைக்குப் போகப் போகிறாய் என்று கேட்டால், பெரும்பாலான பிள்ளைகளிடம் இருக்கும் பதில் ஒன்றுதான்: "கவுன்சலர் ஆகணும்." கூட வந்த அப்பாவோ அம்மாவோ கேட்பது அதற்கு அடுத்த கேள்வி: "மூணு வருஷம் முடிச்சா போதுமா?" போதாது. ஆனால் அதைச் சேர்க்கை நாளிலேயே உட்கார வைத்துச் சொல்லும் கல்லூரிகள் குறைவு. மூன்றாம் ஆண்டு கடைசிப் பருவத்தில் அந்தப் பிள்ளையே தேடிப் பார்த்துத் தெரிந்துகொள்கிறது. அதற்குள் மூன்று வருடமும் கட்டணமும் போயிருக்கும். இந்த ஏமாற்றத்துக்குப் படிப்பின் மேல் பழி போடுவது சரியல்ல. படிப்பைத் திட்டமிட்டவர்கள் அதற்கு ஒரே வேலையை மனதில் வைத்ததும், அந்த வேலைக்கான கதவு எவ்வளவு குறுகலானது என்று சொல்லாமல் விட்டதும்தான் காரணம். திருப்பூரைச் சுற்றியுள்ள கல்லூரிகளுக்கு வேறொரு வழி இருக்கிறது. உளவியல் படிப்பைப் பனியன் தொழிலின் மேலும் அதில் உழைக்கும் மனிதர்களின் மேலும் ஊன்றிக் கட்டலாம். சட்டம் இனிமேல் கேட்கப்போகும் பயிற்சி நேரத்துக்கும் அதுவே தகுந்த இடம்.

முதலில் சட்டம். இந்தியாவில் 'மருத்துவ உளவியலாளர்' என்ற பெயரை யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ள முடியாது. 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு வேண்டும். 2017-இன் மனநலப் பராமரிப்புச் சட்டமும், அந்தக் கவுன்சில் ஏற்ற மருத்துவ உளவியல் தகுதி உள்ளவரையோ முழுநேர இரண்டாண்டு எம்.ஃபில். பயிற்சி முடித்தவரையோதான் அந்தப் பெயரால் குறிக்கிறது. எம்.ஃபில். பட்டத்தையே பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் நிறுத்திவிட்டது. மருத்துவ உளவியலுக்கும் மனநலச் சமூகப் பணிக்கும் மட்டும் 2025–26 கல்வியாண்டு வரை விலக்கு கொடுத்தது. நாடு முழுவதற்கும் பதிவுபெற்ற மருத்துவ உளவியலாளர்கள் சில ஆயிரம் பேர்தான். அங்கீகாரம் உள்ள இடங்களும் சொற்பம். ஆக, பி.எஸ்சி. படிக்கும் ஒரு வகுப்பில் அந்த வழியாகக் கடைசிவரை போய்ச் சேருபவர்கள் ஒருவரோ இருவரோதான். மீதமுள்ளவர்களுக்கு என்ன வழி என்று யோசித்துப் போட்ட பாடத்திட்டமாக இன்றைய பாடத்திட்டம் தெரியவில்லை.

அந்த மீதிப் பேரையும் தொடும் இன்னொரு சட்டம் 2021-இல் வந்தது. தேசிய இணை மற்றும் சுகாதாரப் பராமரிப்புத் தொழில்முறையாளர் ஆணையச் சட்டம் என்பது அதன் நீண்ட பெயர். மறுவாழ்வுக் கவுன்சிலின் கீழ் வராத உளவியலாளர்களை அது தன் அட்டவணையில் 'நடத்தைசார் சுகாதாரம்' என்ற தலைப்பில் சேர்த்திருக்கிறது. சுகாதாரத் தொழில்முறையாளர் என்ற தகுதிக்கான பட்டம் குறைந்தது 3,600 மணி நேரப் படிப்பாக இருக்க வேண்டும் என்கிறது. இப்போது நம் கல்லூரிக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். வாரத்துக்கு 30 மணி நேரம், பருவத்துக்குச் சுமார் 15 வாரம், மொத்தம் 6 பருவம். பெருக்கினால் 2,700 மணி நேரம். 900 மணி நேரம் குறைகிறது. அந்த 2,700-க்குள்ளும் முதல் நான்கு பருவங்களில் தமிழும் ஆங்கிலமும் வாரத்துக்குப் பன்னிரண்டு மணி நேரம் எடுத்துக்கொள்கின்றன. உளவியலுக்கென்று மிஞ்சுவது ஏறத்தாழ 2,000 மணி நேரமே. மொழிப் பாடத்தைக் குறை சொல்லவில்லை. மனிதரோடு பேசுவதே தொழிலாகப் போகிறவருக்குத் தாய்மொழிப் பயிற்சி கூடுதலாகவே வேண்டும். ஆனால் அந்த 900 மணி நேரம் எங்கிருந்து வரும் என்பதற்கு இன்றே பதில் தேட வேண்டும்.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய இன்னொரு முடிவு, 2025 ஜூலை–ஆகஸ்ட் சேர்க்கை முதல் உளவியலைத் தொலைதூரக் கல்வியிலும் இணையவழியிலும் நடத்தக்கூடாது என்று மானியக் குழு அறிவித்தது. நோயாளியையோ ஆலோசனை கேட்டு வருபவரையோ பார்க்காமல், மேற்பார்வை இல்லாமல், அஞ்சலில் பாடம் வாங்கி உளவியலாளர் ஆவது தவறு என்ற நியாயம் அந்த முடிவில் இருக்கிறது. அதை மறுக்க முடியாது. ஆனால் திருப்பூர் போன்ற ஊருக்கு அதன் விலை அதிகம். இங்கே பதினெட்டு வயதில் பையனும் பெண்ணும் கம்பெனிக்குள் போய்விடுகிறார்கள். படிப்பைத் தொடர்ந்தவர்களில் கணிசமானவர்கள் வேலை பார்த்துக்கொண்டே தபால் வழியில் படித்தவர்கள். அந்த வழி அடைபட்டபின், உள்ளூரில் நேரடி வகுப்பு கிடைக்காத தொழிலாளி வீட்டுப் பிள்ளை உளவியல் பக்கமே வர முடியாது. சிக்கண்ணா அரசு கலைக் கல்லூரி, எல்.ஆர்.ஜி. அரசு மகளிர் கல்லூரி போன்றவை இந்த ஊரில் இருப்பதே அத்தகைய பிள்ளைகளுக்காக. அரசுக் கல்லூரிகளின் இரண்டாம் ஷிப்டில் உளவியலுக்கு இடம் ஒதுக்குவது, மூடிய கதவுக்கு மாற்றாகத் திறக்க வேண்டிய முதல் கதவு.

900 மணி நேரத்துக்கு வழக்கமாகச் சொல்லப்படும் விடை 'இன்டர்ன்ஷிப்'. கோவையிலோ சென்னையிலோ ஒரு மருத்துவமனையில் இரண்டு வாரம் ஓரமாக நின்று பார்த்துவிட்டு, சான்றிதழோடு திரும்புவது. மனநலப் பிரிவில் ஒரு மருத்துவரின் அறைக்குள் எத்தனை மாணவர்கள் நிற்க முடியும்? வருபவரின் அந்தரங்கமும் இருக்கிறது. ஆயிரக்கணக்கான மாணவர்களுக்கு ஆளுக்கு 900 மணி நேரம் கொடுக்க எந்த மருத்துவமனையாலும் ஆகாது. தொழில் நடக்கும் இடம்தான் அதைத் தாங்கும். இது உளவியலைத் தொழிற்சாலைக்கு இழுத்துக்கொண்டு போகும் புதுமை அல்ல. இந்தத் துறையின் முக்கியமான அறிவு பலவும் துணி ஆலைகளிலும் தையல் கூடங்களிலும் பிறந்ததுதான்.

1923-இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஒரு நூற்பாலையில் தொழில் உளவியல் ஆய்வாளர் எல்டன் மேயோ நுழைந்தபோது, ஆலையின் மற்றப் பிரிவுகளில் ஆண்டுக்கு நூற்றுக்கு ஐந்தாறு பேர்தான் வேலையை விட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். ஒரே ஒரு நூற்புப் பிரிவில் அந்த விகிதம் சுமார் 250 சதவீதம். வைத்த ஆள் நிற்காமல் வருடத்துக்கு இரண்டரை முறை மாறிக்கொண்டே இருந்தது. நாளுக்கு நான்கைந்து முறை படுத்து ஓய்வெடுக்கப் பத்து நிமிடம் கொடுத்த பிறகு நிலைமை மாறியது. அதைவிட நமக்கு நெருக்கமானது வர்ஜீனியாவில் மரியன் என்ற சிற்றூரில் இருந்த ஹார்வுட் கம்பெனியின் கதை. பைஜாமா தைக்கும் இடம், வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள், கூலி பீஸ் ரேட். திருப்பூர்க்காரருக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். ஸ்டைல் மாறும்போதெல்லாம் உற்பத்தி விழும், ஆட்கள் நின்றுவிடுவார்கள். லெஸ்டர் காக், ஜான் பிரெஞ்ச் இருவரும் 1948-இல் வெளியிட்ட ஆய்வில், மாற்றத்தை உத்தரவாகச் சொன்ன குழுவில் நாற்பது நாளுக்குள் நூற்றுக்குப் பதினேழு பேர் வேலையை விட்டார்கள். மாற்றத்தையும் புதிய ரேட்டையும் தொழிலாளிகளோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்த குழுக்களில் யாரும் விடவில்லை. பழைய வேகத்தையும் தாண்டினார்கள். உலகெங்கும் நிர்வாக உளவியல் பாடநூல்களில் இந்த ஆய்வு இருக்கிறது. பனியன் கம்பெனி நிறைந்த ஊருக்குப் பக்கத்திலேயே அதை மனப்பாடம் செய்து தேர்வு எழுதுகிறார்கள் என்பதுதான் வருத்தம்.

இந்தியாவிலும் முன்மாதிரி உண்டு. 1953-இல் லண்டன் டாவிஸ்டாக் நிறுவனத்தைச் சேர்ந்த ஏ.கே. ரைஸ் அகமதாபாத் காலிகோ ஆலைக்கு வந்தார். புதிதாகத் தானியங்கித் தறிகள் போட்டும் உற்பத்தி ஏறவில்லை, சேதமும் குறையவில்லை. 224 தறிகளை, ஒருவர் வேலைக்கும் மற்றவர் வேலைக்கும் ஒட்டில்லாமல் பன்னிரண்டு வகை வேலைக்காரர்கள் பிய்த்துப் பிய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு தொகுதித் தறிக்கு ஒரு சிறு குழு முழுப் பொறுப்பு என்று மாற்றலாமா என்று கேட்டதும், தொழிலாளர்களும் மேற்பார்வையாளர்களும் தாங்களே குழுக்களாகப் பிரிந்து வேலையைப் பகிர்ந்துகொண்டார்கள். உற்பத்தி உயர்ந்தது, சேதம் குறைந்தது. அதே நகரத்தில் 1947-இல் தொடங்கிய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கமான அட்டிராவில் மனித உறவுகளுக்கென்றே ஒரு பிரிவு இருந்தது. மிச்சிகனில் சமூக உளவியல் முனைவர் பட்டம் பெற்று வந்த கமலா சௌத்ரி அதை நடத்தினார். நம் பக்கத்தில் 1956-இல் கோவையில் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கமான சிட்ரா வந்தது. நூலுக்கும் இயந்திரத்துக்கும் அது செய்த ஆராய்ச்சி பெரிது. மனிதருக்கான ஆராய்ச்சியைப் பக்கத்துப் பல்கலைக்கழக உளவியல் துறைகள் கையில் எடுத்திருக்க வேண்டும். இப்போதும் காலம் கடந்துவிடவில்லை.

உளவியல் ஆய்வகத்தில் ஒரு பலகை இருக்கும். நூறு துளை. துளைக்கு மூன்று ஊசி வீதம் விரல்நுனியால் எடுத்துச் செருக வேண்டும். ஸ்டாப் வாட்ச் ஓடும். ஓ'கானர் விரல் திறன் சோதனை என்று பெயர். மாணவி தன் தோழியையே உட்கார வைத்து நேரம் குறித்து, ரெக்கார்டு நோட்டில் எழுதி, கையெழுத்து வாங்கிவிடுவாள். அங்கிருந்து சில கிலோமீட்டரில், டியூப் லைட்டுக்குக் கீழே செக்கிங் டேபிளில் ஒரு பெண் நின்றுகொண்டிருப்பார். டி-சர்ட்டை விரித்து, தோள் தையல், கழுத்து ரிப், பக்கத் தையல் என்று விரலால் ஓட்டிக்கொண்டே ஓட்டை, ஆயில் கறை, விட்டுப்போன தையல் தேடுவார். கண்டால் ஸ்டிக்கர் அம்பு ஒட்டி ஒதுக்குவார். காணாவிட்டால் அடுத்த பீஸ். காலை எட்டரைக்குத் தொடங்கினால், ஷிப்மென்ட் நெருக்கும் வாரத்தில் ஒன்றரை ஷிப்ட் முடிந்து இரவு எட்டரை ஆகும். ரேடார் பார்ப்பவர்களுக்காக நார்மன் மெக்வொர்த் 1948-இல் ஒரு கடிகார முள்ளை வைத்துச் செய்த சோதனை, அரிதாக வரும் பிழையைத் தேடும் கவனம் முதல் அரைமணி நேரத்திலேயே தொய்யத் தொடங்குகிறது என்று காட்டியது. அப்படியானால் செக்கிங்கில் தவறவிட்ட ஓட்டைக்கு அந்தப் பெண்ணைத் திட்டுவதில் நியாயம் உண்டா? அரைமணிக்கு ஒரு முறை வேலையை மாற்றிக் கொடுத்தால் என்ன ஆகும்? வெளிச்சத்தை மாற்றினால்? நிற்பதற்குப் பதில் உட்கார்ந்தால்? மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவர் ஒரு பருவத்தில் செய்து முடிக்கக்கூடிய ஆய்வு இது. அதை முடித்தவர் வேலை தேடிப் போகும்போது காட்டுவதற்கு ரெக்கார்டு நோட்டைவிடக் கனமான ஒன்று கையில் இருக்கும்.

தொழிற்கூடத்தோடு இது முடியாது. 2008 பொருளாதார மந்தத்துக்குப் பிறகு திருப்பூரில் அடுத்தடுத்து நடந்த தற்கொலைகளைப் பற்றி நாளிதழ்கள் தொடர்ந்து எழுதின. கடன், கந்துவட்டி, குடி, சொந்த ஊரை விட்டு வந்த தனிமை என்று காரணங்கள் அடுக்கப்பட்டன. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டபோது, சாயக் கழிவால் மாசடைந்த நொய்யல் ஆற்றுக்கு நியாயம் கிடைத்த அதே நாளில் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு வாரச் சம்பளம் நின்றது. 2025 ஆகஸ்ட் 27-இல் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது மறுபடியும் ஆர்டர்கள் நின்றன. உலகத்தின் எந்த மூலையில் இடி இடித்தாலும் சனிக்கிழமைச் சம்பளத்தில் அது தெரிகிற ஊர் இது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்கில் 2022-இல் தமிழ்நாட்டில் 19,834 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள். மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம் நமக்கு. நாடு முழுவதும் அப்படி இறந்தவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் தினக்கூலிகள். நிம்ஹான்ஸ் நடத்திய 2015–16 தேசிய மனநலக் கணக்கெடுப்பு, வயது வந்தோரில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் ஏதோ ஒரு மனநலச் சிக்கலோடு இருப்பதாகவும், அவர்களில் மிகப் பெரும்பான்மையோர் சிகிச்சைக்கே போகவில்லை என்றும் சொன்னது. இத்தனை தேவைக்கும் எம்.ஃபில். முடித்த சில ஆயிரம் பேரை மட்டும் நம்பியிருக்க முடியாது. தேவையை முதலில் கண்டுபிடித்து, பேசி, உரிய இடத்துக்கு அனுப்பிவைக்கும் இடைநிலைப் பயிற்சி பெற்றவர்கள் நூற்றுக்கணக்கில் வேண்டும்.

2023 மார்ச் மாதத்தை நினைத்துப் பார்க்கலாம். தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய்யான வீடியோக்கள் பரவின. தொழிலாளர்கள் ரயில் நிலையங்களில் குவிந்தார்கள். பிஹார் அரசின் குழு திருப்பூருக்கே வந்து விசாரித்தது. காவல்துறையும் மாவட்ட நிர்வாகமும் உதவி எண்களை அறிவித்து நிலைமையைச் சமாளித்தன. வதந்தியை உளவியல் எப்படிப் பார்க்கிறது என்பதற்கு உலகப் புகழ்பெற்ற ஆய்வு எங்கிருந்து வந்தது தெரியுமா? பிஹாரிலிருந்து. 1934 ஜனவரி 15 நிலநடுக்கத்துக்குப் பிறகு, இதைவிடப் பெரிய அழிவு வரப்போகிறது என்று பரவிய வதந்திகளை பாட்னாவைச் சேர்ந்த ஜமுனா பிரசாத் சேகரித்து ஆராய்ந்தார். அதிர்ச்சியை உணர்ந்தும் சேதம் காணாத மக்கள், தங்கள் பயத்துக்கு ஒரு காரணம் தேவைப்பட்டதால் அத்தகைய வதந்தியைப் பற்றிக்கொண்டார்கள் என்று பின்னாளில் சமூக உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கர் விளக்கினார். மன முரண்பாடு பற்றிய அவருடைய 1957-ஆம் ஆண்டுக் கோட்பாட்டுக்கு அதுவே தூண்டுதல். வெளியூரில், மொழி தெரியாமல், உள்ளுக்குள் ஏற்கெனவே பயத்தோடு இருப்பவருக்கு "பயப்பட ஒன்றுமில்லை" என்ற அறிவிப்பு மட்டும் போதாது என்பது அதிலிருந்து புரியும். உளவியல் மாணவர் குழுக்கள் ஊரில் பயிற்சியோடு இருந்திருந்தால், தொழிலாளர் தங்கும் லைன் வீடுகளுக்குப் போய் அவர்கள் மொழியிலேயே பேச ஆள் இருந்திருக்கும். ஆகவே இந்தப் பாடத்திட்டத்தில் இந்தி, ஒடியா, வங்காளி ஆகியவற்றில் ஒன்றைப் பேசிப் புரிந்துகொள்ளும் அளவு பயிற்சி வேண்டும். மொழிக் கொள்கை விவாதத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நோயாளியின் மொழியை மருத்துவர் கற்பது போன்றது இது.

வேலை எங்கே இருக்கிறது என்று கேட்பார்கள். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் 500 தொழிலாளர் உள்ள ஆலைக்கு நல அலுவலரைக் கேட்டது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் தொழில்சார் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் அந்த வரம்பை 250-ஆகக் குறைத்திருக்கிறது. திருப்பூர், அவினாசி, பல்லடம், பெருமாநல்லூர் பக்கத்தில் 250-க்கும் 500-க்கும் இடைப்பட்ட கம்பெனிகள் நிறைய. நல அலுவலர் வேலைக்கு இதுவரை எம்.எஸ்.டபிள்யூ., தொழிலாளர் மேலாண்மை படித்தவர்களையே எடுத்து வந்தார்கள். மாநில விதிகளின் தகுதிப் பட்டியலில், மேற்பார்வையோடு களப்பயிற்சி முடித்த உளவியல் பட்டதாரியும் பெயர் சொல்லி இடம்பெற வேண்டும். இதைக் கேட்டு வாங்க வேண்டிய பொறுப்பு பல்கலைக்கழகங்களுடையது. 2013-ஆம் ஆண்டுப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி பத்துப் பேர் வேலை செய்யும் இடத்தில் உள்ளகக் குழுவும் அதில் வெளியாள் ஒருவரும் கட்டாயம். பல இடங்களில் இது நோட்டீஸ் போர்டில் ஒட்டிய பெயர்ப் பட்டியலோடு நிற்கிறது. பெண்களின் புகாரைக் கேட்கத் தெரிந்த, எழுதத் தெரிந்த, வெளியே விடாமல் காக்கத் தெரிந்த ஆட்களின் தட்டுப்பாடும் அதற்கு ஒரு காரணம். திண்டுக்கல் ஆயத்த ஆடைத் தொழிலாளர்களுக்காக 2022-இல் சர்வதேச பிராண்டும் தொழிற்சங்கமும் கையெழுத்திட்ட ஒப்பந்தம், அத்தகைய வேலைக்கு உண்மையான மதிப்பு வந்துகொண்டிருப்பதைக் காட்டியது. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலிமானஸ் மனநல உதவி எண் 14416, சுமார் இருபது மொழிகளில் அழைப்பை எடுக்கிறது. மாவட்ட மனநலத் திட்டமும் இருக்கிறது. இவை தவிர மனிதவளம், பயிற்சி, தரக் கட்டுப்பாடு, பையர்களின் சமூகத் தணிக்கை ஆகியவை ஏற்கெனவே சம்பளம் கொடுக்கும் வேலைகள்.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் மிக வலுவான வாதம், கம்பெனிக்குள் போகும் உளவியலாளர் முதலாளியின் ஆளாகிவிடுவார் என்பது. வரலாறு இந்தச் சந்தேகத்தின் பக்கம்தான் நிற்கிறது. மேயோவின் மேல் தொழிற்சங்கங்கள் வைத்த குற்றச்சாட்டே அது: சம்பளம் கேட்டவனிடம் மனநிலை பற்றிப் பேசினார் என்பது. 1984-இல் பஞ்சப்படிக்காக 127 நாள் வேலைநிறுத்தம் நடத்திய ஊரில் இந்த எச்சரிக்கை இயல்பாகவே எழும். அதனால்தான் இந்த ஆலோசனைச் சேவை கம்பெனியின் சம்பளப் பட்டியலில் இருக்கக் கூடாது என்கிறேன். பேச்சின் ரகசியம் எந்த மேலாளருக்கும் போகக் கூடாது. ஆய்வின் முடிவு நிர்வாகத்துக்கும் தொழிலாளர் குழுவுக்கும் ஒரே நாளில் கொடுக்கப்பட வேண்டும். மாணவருக்கு அறநெறிப் பாடம் மூன்றாம் ஆண்டில் ஒப்புக்கு அல்ல, களத்துக்குப் போகும் முன்பே முடிந்திருக்க வேண்டும். யாருக்காக நான் இங்கே நிற்கிறேன் என்ற கேள்விக்குப் பதில் தெரியாத மாணவரைப் பனியன் கம்பெனி கேட்டுக்குள் அனுப்புவது அவருக்கும் தொழிலாளிக்கும் செய்யும் தீங்கு.

கூலியும் வேலை நேரமும் சரியானால் மனம் தானே சரியாகும், உளவியல் எதற்கு என்பாரும் உண்டு. பாதி உண்மை. தூக்கம் ஐந்து மணி நேரமாகச் சுருங்கியவருக்கு மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுப்பதால் பயனில்லை. ஆனால் தூக்கம் சுருங்கியதை அளந்து, அதனால் விரலில் ஊசி ஏறும் விபத்து எத்தனை கூடியது என்று கணக்கெடுத்துக் காட்ட யாராவது வேண்டும் அல்லவா? வேலை நேரத்தைப் பற்றிய பேச்சுவார்த்தையில் புலம்பலுக்குப் பதில் அளவீட்டை மேசைமேல் வைக்க, நல்ல தொழில் உளவியல் ஆய்வு தொழிலாளி பக்கத்துக்கும் ஆயுதமாகும். கூலி ஒழுங்காக வந்தாலும் கணவனின் குடியும் பிள்ளையின் தேர்வுத் தோல்வியும் தனிமையும் வீட்டில் இருக்கத்தான் செய்யும்.

சிறு ஜாப் ஒர்க் யூனிட்டுகள்தான் இங்கே அதிகம், பத்து பவர் டேபிள் வைத்திருப்பவர் உளவியலாளருக்கு எங்கே போவார் என்ற கேள்விக்குத் திருப்பூரே விடை வைத்திருக்கிறது. தனித்தனியாகக் கழிவுநீரைச் சுத்திகரிக்க முடியாத சாயப்பட்டறைகள் கூடிப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டின. செலவைப் பங்கு போட்டுக்கொண்டன. அதே முறையில் ஒரு வட்டாரத்துக்கு ஒரு பொது மையம் அமைக்கலாம். ஏற்றுமதியாளர் சங்கம், தொழிற்சங்கங்கள், 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி இயங்கும் தமிழ்நாடு தொழிலாளர் நல நிதி ஆகியவை செலவில் பங்கெடுக்கலாம். பாரதியார் பல்கலைக்கழகத்தின் உளவியல் துறை மேற்பார்வைக்கு ஆசிரியர்களை அனுப்பலாம். பதிவுபெற்ற மருத்துவ உளவியலாளர் ஒருவர், முதுகலை முடித்தவர்கள் நாலைந்து பேர், அவர்களுக்குக் கீழே பி.எஸ்சி. மாணவர்கள். படிக்கட்டு கண்ணுக்குத் தெரியும். எந்தப் படியில் நிற்கிறோம், மேலே போக என்ன வேண்டும் என்று மாணவருக்கும் புரியும். மையம் இரவு எட்டரைக்கு மேலும் ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்க வேண்டும். அலுவலக நேரத்தில் மட்டும் இயங்கினால் ஒரு டெய்லரும் வர மாட்டார்.

ஊர்ப் பிள்ளையை ஊர்த் தொழிலிலேயே கட்டிப்போடுவதா என்று கேட்பவர்களின் அக்கறையை மதிக்கிறேன். பெங்களூருக்கோ வெளிநாட்டுக்கோ போக நினைக்கும் மாணவரை இது தடுக்காது. செக்கிங் டேபிளில் கவனச் சிதைவை அளந்த அனுபவம் விமானக் கட்டுப்பாட்டறை ஆய்வுக்கும் பொருந்தும். புலம்பெயர்ந்தவர்களிடம் பேசிய பயிற்சி டொரன்டோவிலும் உதவும். தன் கையால் எதையும் அளந்து பார்க்காமல், கோட்பாடுகளின் பெயரை மட்டும் ஒப்பிக்கத் தெரிந்தவருக்குத்தான் வெளியூர் கடினம்.

தன்னாட்சிக் கல்லூரிகளின் பாடத்திட்டக் குழுவில் தொழில்துறைப் பிரதிநிதிக்கு ஓர் இடம் விதியிலேயே இருக்கிறது. இந்த வட்டாரத்தில் உளவியல் நடத்தும் ஒவ்வொரு கல்லூரியும் அடுத்த கூட்டத்துக்கு அந்த நாற்காலிக்குப் பனியன் கம்பெனி நிர்வாகி ஒருவரை அழைக்கட்டும். அவருக்குப் பக்கத்தில் சிறப்பு அழைப்பாளராகத் தொழிற்சங்கத்துக்காரர் ஒருவரும், இருபது வருடம் செக்கிங்கில் நின்ற பெண் ஒருவரும் உட்காரட்டும். பாடப் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு அவர்கள் மூவரிடமும் ஒரு மணி நேரம் கேள்வி கேட்டால், 900 மணி நேரத்துக்கான வேலைப் பட்டியல் அந்த மேசையிலேயே தயாராகிவிடும். ஜூன் சேர்க்கைக்கு முன் அதை அச்சடித்து, மூன்று ஆண்டில் எது கிடைக்கும், எது கிடைக்காது, எதற்கு இன்னும் இரண்டு ஆண்டு வேண்டும் என்ற விவரத்தோடு, விண்ணப்பம் வாங்க வரும் அப்பா அம்மா கையில் தமிழில் கொடுக்க வேண்டும்.